கையிலே கலை, ஏட்டிலே காவல்

(மதுரை திருநகரில் அழகு நிலையம் நடத்தும் பெண்களின் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



திருநகரில் முகவரி கேட்டால் பஸ் ஸ்டாப்பின் எண்ணைத்தான் முதலில் சொல்வோம். எந்த ஸ்டாப்பில் இறங்கி எந்தத் தெருவுக்குள் நடந்தாலும் ஓர் அழகு நிலையத்தின் பலகை கண்ணில் படுகிறது. சில வீட்டின் முன்னறையில் நடக்கின்றன, சில மாடிப் போர்ஷனில், சில வாடகைக் கடையில். பெரும்பாலும் ஒரு பெண், கை உதவிக்கு ஒருவரோ இருவரோ, இரண்டு நாற்காலி, ஒரு பேஷியல் கட்டில். இதை வைத்துப் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பியவர்கள் இங்கே இருக்கிறீர்கள். வீட்டில் வேறு வருமானம் நின்றுபோன காலத்தில் குடும்பத்தைத் தாங்கியவர்களும் இருக்கிறீர்கள். இந்தத் தொழிலைப் பொழுதுபோக்கு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

நான் சிறு கடைகளுக்கு வரவு செலவுக் கணக்கு எழுதிக் கொடுப்பவள். கைத்திறன் உங்களிடம் நிறைய இருக்கிறது. அந்தத் திறனுக்குக் காவல் எது என்று பேசவே வந்திருக்கிறேன். கணக்குப் புத்தகங்களின் வழியே நான் கண்டது இதுதான்: நன்றாக நடந்த பார்லர் ஒன்று மூடப்படும்போது, காரணம் திறமைக் குறைவாக இருப்பது அரிது. யாருக்கு எந்தச் சாயம் ஒவ்வாது, எந்த மணப்பெண் எவ்வளவு முன்பணம் தந்தார், வாடகை எப்போது கூடும், மாதம் எவ்வளவு வந்தால் கட்டும் என்பதெல்லாம் ஒருவர் மனத்தில் மட்டுமே இருந்திருக்கும். ஏட்டில் எதுவும் இருக்காது. அந்த ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் கடைக்கே காய்ச்சல். ஆகவே இன்று என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று: எழுதி வையுங்கள்.

நாம் எல்லோரும் சேர்ந்து பட்ட ஓர் அடியிலிருந்து தொடங்குகிறேன். கொரோனா பரவலால் 2020 மார்ச் 24 மாலை கடைகள் அடைக்கப்பட்டன. சென்னை தவிர்த்த ஊர்களில் முடிதிருத்தகங்களும் அழகு நிலையங்களும் திறக்க மே 24 அன்றுதான் அனுமதி கிடைத்தது. கடை நடந்து சரியாக ஒரு மாதம்தான் போயிற்று. ஜூன் 24 முதல் மதுரை மாநகராட்சிக்கும் திருப்பரங்குன்றம், மதுரை கிழக்கு, மேற்கு ஒன்றியங்களுக்கும் மீண்டும் முழு ஊரடங்கு. அது ஜூலை 14 வரை நீண்டது. மறு ஆண்டு ஏப்ரல் 26 அன்று மாநகராட்சி, நகராட்சி எல்லைகளில் அழகு நிலையங்களை மூடச் சொன்னார்கள். திருநகர் 2011 முதல் மதுரை மாநகராட்சிக்குள் இருக்கிறது, ஆகவே நமக்கும் பூட்டு. ஜூன் 14 அன்று, ஏசி போடாமல், பாதி வாடிக்கையாளர்களோடு திறக்க விட்டார்கள். கூட்டிப் பார்த்தால் ஏறத்தாழ 130 நாள். சித்திரை, வைகாசி முகூர்த்தங்கள் இரண்டு ஆண்டும் பெரும்பாலும் கைவிட்டுப் போயின.

அந்த நாட்களில் ஒரு வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது. வங்கியில் கடன் வைத்திருந்தவர்களுக்கு, 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிவைக்க ரிசர்வ் வங்கி வழி செய்தது. வட்டி ஓடியது உண்மைதான், ஆனாலும் மூச்சுவிட அவகாசம் கிடைத்தது. மீட்டர் வட்டிக்கு வாங்கியவர்களுக்கு அந்த அவகாசத்தை யாரும் தரவில்லை. கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003 முதல் சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டத்தை நாடும் நிலைக்குப் போகாமல் இருப்பதே நல்லது. அதற்கு வங்கிக் கடன்தான் வழி. முத்ரா கடன் திட்டத்தில் அழகு நிலையத்துக்கு இடமுண்டு. சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை, கிஷோர் பிரிவில் 5 லட்சம் வரை, சொத்துப் பிணை இல்லாமல் கேட்கலாம். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவும் இலவசம். வங்கி மேலாளர் முதலில் கேட்பது உங்கள் வரவு செலவைத்தான். நோட்டு இல்லாதவர் அந்த மேசைக்கு முன்னால் உட்காரத் தயங்குகிறார், தயங்கியவர் மீட்டர் வட்டிக்காரரிடம் போகிறார். நோட்டுக்கும் கந்துவட்டிக்கும் உள்ள தொடர்பு இதுதான்.

தொற்று எப்போதோ வருவது. ஆடி ஆண்டுதோறும் வருவது. நாம் இருப்பது கல்யாண ஊரின் வாசலில். முருகனுக்கும் தெய்வானைக்கும் திருமணம் நடந்த தலம் திருப்பரங்குன்றம். பங்குனியில் அந்தத் திருக்கல்யாணத்துக்கு மதுரையிலிருந்து மீனாட்சியும் சொக்கநாதரும் எழுந்தருள்கிறார்கள். அந்த நம்பிக்கையோடு எத்தனையோ குடும்பங்கள் அங்கே தாலி கட்ட வருகின்றன. அந்தக் கல்யாணங்கள்தான் உங்கள் பெரிய வருமானம். ஆனால் ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை, புரட்டாசியிலும் பல வீடுகளில் கல்யாணம் வைப்பதில்லை. ஆண்டில் மூன்று மாதம் மணப்பெண் அலங்காரம் குறையும் என்று காலண்டரே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறது. தெரிந்த நட்டத்தைத் தெரியாத நட்டம்போல் சந்திப்பது நியாயமில்லை.

ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன், எண்களை உங்கள் கடைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். வாடகை 9,000. இரண்டு பேர் சம்பளம் 22,000. கரன்ட் பில் 4,000. கடன் தவணை 5,000. ஆக மாதம் 40,000 ரூபாய், ஒரு வாடிக்கையாளர்கூட வராவிட்டாலும் போகும் பணம். மாதம் 26 நாள் கடை திறந்தால் நாளுக்கு 1,540 ரூபாய். 50 ரூபாய்க்குப் புருவம் திருத்தினால் 31 பேருக்குத் திருத்த வேண்டும். அதற்கு மேல் வருவதில்தான் நூலும் கிரீமும் வாங்கிய செலவு கழியும், அதற்கும் பிறகுதான் உங்கள் கூலி. இந்த 1,540 என்ற எண்ணைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். பக்கத்துக் கடை விலையைக் குறைத்தது என்று நாமும் குறைக்கும் முன் அந்த எண்ணைப் பாருங்கள்.

மூன்று மாத நிலைச் செலவு, அதாவது 1,20,000 ரூபாய், கடையின் பெயரில் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். ஆண்டுக்கு 40 கல்யாணம் செய்கிறவர், ஒவ்வொன்றிலும் 1,500 ரூபாயை அன்றே ஒதுக்கினால் இரண்டு ஆண்டில் அந்தத் தொகை சேர்ந்துவிடும். வீட்டுப் பணமும் கடைப் பணமும் ஒரே ஜிபே எண்ணில் விழுந்தால் இது நடக்காது. கடைக்கு என்று தனி வங்கிக் கணக்கு, தனி க்யூஆர் அட்டை வைத்துக்கொள்ளுங்கள். பணம் அனுப்பியதாக வாடிக்கையாளர் காட்டும் திரையை நம்பாமல், உங்கள் போனில் பணம் வந்ததா என்று பாருங்கள்.

இப்போது, இந்தத் தொழிலுக்கே உரிய ஆபத்துக்கு வருகிறேன். மளிகைக் கடைக்காரர் பொருளைக் கொடுக்கிறார். நீங்களோ இன்னொரு பெண்ணின் தோலைத் தொடுகிறீர்கள். அவர் கண்ணை மூடி முகத்தை உங்களிடம் ஒப்படைக்கிறார். உங்கள் தொழிலின் உண்மையான முதல் அந்த ஒப்படைப்புதான்.

முதலாவதாக, ஹேர் டையை எடுத்துக்கொள்வோம். கறுப்புச் சாயங்கள் பலவற்றில் பாராபினைலின்டயமின் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. சிலருக்கு அது கடுமையாக ஒவ்வாது. முகம் வீங்கும், கண் மூடிக்கொள்ளும், நெற்றியில் நீர் வடியும். அந்தப் பொருள் உள்ள சாயத்தின் உறையில், முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும், இமைக்கும் புருவத்துக்கும் பூசக் கூடாது என்று அச்சிட வேண்டும் என்பது இந்தியச் சட்டம். காதுக்குப் பின்னாலோ முழங்கை மடிப்பிலோ சிறிது தடவி 48 மணி நேரம் பார்க்க வேண்டும். நடப்பது என்ன? வாடிக்கையாளர் வருகிறார்.

“அக்கா, நாளைக்கு நிச்சயதார்த்தம். இப்பவே டை போட்டு விட்ருங்க.”

“முந்தி போட்டிருக்கியாம்மா?”

“அதெல்லாம் எத்தனையோ தடவை போட்டிருக்கேன்க்கா.”

அந்தப் பதிலில்தான் பொறி இருக்கிறது. பத்து முறை ஒத்துக்கொண்ட தோல் பதினோராவது முறை மறுக்கலாம். பழக்கத்தாலேயே ஒவ்வாமை உருவாகும் பொருள் அது. அப்போது நீங்கள் சொல்ல வேண்டியது: “இன்னைக்கு ஒரு பொட்டு வச்சுப் பாப்போம்மா. டை நிச்சயம் முடிஞ்சு போட்டுக்கலாம். நாளைக்கு வேரை மறைச்சு நல்லா கொண்டை போட்டு விடுறேன்.” அன்றைய வருமானம் கொஞ்சம் குறையும். நிச்சயதார்த்தத்தன்று அந்தப் பெண் முகம் வீங்கி ஆஸ்பத்திரியில் படுத்தால், தெருவே உங்கள் கடையைத் தாண்டிப் போகும்.

இரண்டாவது, வெளுப்பாக்கும் கிரீம்கள். 2023இல் பக்கத்துக் கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் சிறுநீரக நோயோடு வந்தவர்களை ஆராய்ந்த மருத்துவர்கள், அவர்கள் பூசிய தோல் வெளுக்கும் கிரீம்களில் பாதரசம் இருப்பதைக் கண்டறிந்தார்கள். தோலில் பூசியது சிறுநீரகத்தைத் தாக்கியது. பாதரசம் சேர்த்த தோல் கிரீமை விற்க நம் நாட்டில் அனுமதி இல்லை. தயாரித்தவர் முகவரி, உரிம எண், பேட்ச் எண் இல்லாத டப்பா எதையும், எந்த மொத்த வியாபாரி எவ்வளவு மலிவாகத் தந்தாலும், அலமாரியில் ஏற்றாதீர்கள். ஏழே நாளில் வெள்ளையாகிவிடும் என்று சொல்லும் கிரீமில் பாதரசமோ ஸ்டீராய்டோ இருக்கலாம் என்று சந்தேகியுங்கள். நீங்களே வீட்டில் கிரீம் கலந்து டப்பாவில் அடைத்து விற்பதற்கும் தயாரிப்பு உரிமம் தேவை. பச்சை நிற மீனாட்சியைத் தாயாகக் கும்பிடும் ஊர் இது. கறுத்த பெண்ணைக் கறுத்த அழகோடு மணமேடையில் உட்கார வைக்கும் துணிவு மதுரையின் ஒப்பனைக் கலைஞருக்கு வேண்டும்.

மூன்றாவது, தொற்று. த்ரெடிங் செய்யும்போது நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொள்ளும் வழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். வாயில் நனைந்த நூல் இன்னொருவர் புருவத்தில் உரசுகிறது. தோல் சிறிது கிழிந்தாலும் அதுவே வழி. கழுத்தில் மாட்டிக்கொள்ளும் முறையைப் பழகலாம், ஒருவருக்கு ஒரு நூல் என்று வைக்கலாம். வேக்ஸ் குச்சியை ஒருமுறை தோலில் வைத்தபின் மீண்டும் சட்டியில் முக்கக் கூடாது. அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்தில் உரிமம் இல்லாத ஓர் அழகு நிலையத்தில் ரத்தத்தை வைத்துச் செய்யும் ஊசி பேஷியல் செய்துகொண்டவர்களுக்கு எச்ஐவி தொற்றியதை, அந்நாட்டின் நோய்த் தடுப்பு மையம் 2024இல் அறிக்கையாக வெளியிட்டது. ஊசி இறங்கும் வேலை மருத்துவருடையது. நாம் தொட வேண்டாம். உங்களுக்கும் உதவியாளர்களுக்கும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் போட்டிருக்க வேண்டும்.

நான்காவது, பலரும் அறியாதது. தலை அலசும் தொட்டியில் கழுத்தை நெடுநேரம் பின்னால் மடக்கி வைத்தால் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் அழுந்தலாம். 1993இலேயே அமெரிக்க மருத்துவர் ஒருவர் இதை எழுதினார். 2022இல் ஹைதராபாத்தில் ஐம்பது வயதுப் பெண் ஒருவருக்குச் சலூனில் தலை அலசும்போது பக்கவாதம் கண்டது செய்தியானது. அரிதுதான். ஆனால் தடுக்க ஒரு துண்டு போதும். துண்டைச் சுருட்டிக் கழுத்துக்கு அடியில் வையுங்கள், வேலையைச் சீக்கிரம் முடியுங்கள், தலை சுற்றுகிறது என்று சொன்னால் உடனே நிமிர்த்துங்கள்.

இவை அனைத்தையும் ஓர் அட்டையில் அடக்கலாம். வாடிக்கையாளர் பெயர், போன் எண், சர்க்கரை நோய் உண்டா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுக்கிறாரா, கர்ப்பமா, எதற்கு ஒவ்வாமை, சோதனை வைத்த நாள், பயன்படுத்திய பொருளின் பெயரும் பேட்ச் எண்ணும், கடைசியில் அவர் கையெழுத்து. சர்க்கரை உள்ளவர் காலில் பெடிக்யூர் கத்தி சிறிது கீறினாலும் ஆற மாதக்கணக்கில் ஆகலாம், அதை அட்டைதான் உங்கள் உதவியாளருக்கு நினைவூட்டும்.

அந்த அட்டை சட்டத்தின் முன்னும் பேசும். 2018இல் டெல்லியில் ஒரு நட்சத்திர ஹோட்டல் சலூனில், கேட்டதைவிட முடியைக் குட்டையாக வெட்டிவிட்டார்கள் என்று ஒரு பெண் வழக்குத் தொடுத்தார். 2021இல் தேசிய நுகர்வோர் ஆணையம் 2 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், அவ்வளவு பெரிய தொகைக்கு ஆதாரம் வேண்டும் என்று அதை ரத்து செய்து, மீண்டும் விசாரிக்கத் திருப்பி அனுப்பியது. சேவைக் குறைபாடு என்ற முடிவில் கைவைக்கவில்லை. எழுத்தில் உள்ள ஆதாரம்தான் வழக்கை நிறுத்தும், சாய்க்கும். நீங்கள் வாங்கிய கட்டணம் 5 லட்சத்துக்குள் இருந்தால், நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட வாடிக்கையாளருக்கு மனுக் கட்டணம் இல்லை. அது அவருடைய உரிமை. முறைப்படி வேலை செய்தேன் என்று காட்டுவது உங்களுடைய உரிமை.

மணப்பெண் அலங்காரத்துக்கு ஒரு பக்க ஒப்பந்தம் போதும். முகூர்த்த நேரம், மண்டபம், எத்தனை பேருக்கு அலங்காரம், என்ன பொருட்கள், டிரையல் நாள், மொத்தக் கட்டணம், முன்பணம், கல்யாணம் தள்ளிப்போனால் முன்பணம் என்னாகும், நின்றுபோனால் என்னாகும், மீதியை எப்போது தர வேண்டும். படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போடலாமா என்பதற்கும் பெண்ணின் சம்மதம் எழுத்தில் இருக்கட்டும். அதிகாலை முகூர்த்தம் என்றால் நீங்கள் நள்ளிரவு கடந்து மூன்று மணிக்கே கிளம்ப வேண்டும். பெண் வீட்டார் வண்டி அனுப்புவது, நீங்கள் இரண்டு பேராகப் போவது ஆகியவற்றையும் எழுதுங்கள். இதைக் கேட்கத் தயங்க வேண்டாம். மண்டபத்துக்கும் சமையலுக்கும் எழுதி வாங்கும் குடும்பம் உங்களுக்கும் எழுதித் தரும்.

இடம் பற்றிச் சில சொற்கள். வீட்டு முன்னறையில் கடை வைத்திருப்பவர்கள் கரன்ட் இணைப்பை வணிகக் கட்டணத்துக்கு மாற்றியிருக்கிறீர்களா என்று பாருங்கள். வீட்டு இணைப்பில் தொழில் நடத்துவது கண்டுபிடிக்கப்பட்டால், 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவின்படி இருமடங்கு கட்டணம் போடலாம், ஓராண்டுக்குப் பின்னோக்கியும் போடலாம். வாடகைக் கடைக்கு எழுத்து ஒப்பந்தம் கட்டாயம் என்று 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் சொல்கிறது. பல்லாயிரம் செலவழித்துக் கண்ணாடியும் குழாயும் பொருத்திய பிறகு காலி செய்யச் சொன்னால் சுவரைப் பெயர்த்துக்கொண்டு போக முடியாது. நெயில் பாலிஷ் நீக்கியும் ஹேர் ஸ்பிரேயும் எளிதில் தீப்பற்றுபவை, வேக்ஸ் ஹீட்டர் பக்கத்தில் வைக்கக் கூடாது. தீக்கும் வெள்ளத்துக்கும் ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ என்ற காப்பீட்டை 2021 ஏப்ரல் முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் தருகின்றன. சிறு கடைகளுக்கென்றே வகுத்தது அது. 2024 அக்டோபர் 25 அன்று ஒரே மழையில் மதுரை செல்லூர்ப் பகுதி வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததைப் பார்த்தோம்.

உதவியாளர்களைப் பற்றி உங்களில் பலருக்கு ஒரு மனக்குறை உண்டு. ஆறு மாதம் கற்றுக்கொடுத்தால், ஏழாவது மாதம் அடுத்த தெருவில் கடை போட்டு வாடிக்கையாளர்களையும் அழைத்துப் போய்விடுகிறாள் என்று. உண்மைதான், வலிக்கும். அதற்காக அவளுடைய சான்றிதழை வாங்கிப் பூட்டி வைப்பது தவறு, பயனும் இல்லை. சம்பளம், விடுமுறை, அலங்கார வேலையில் அவள் பங்கு ஆகியவற்றை எழுதிக் கொடுங்கள். வாடிக்கையாளர் அட்டை கடையில் இருந்தால் உறவு கடையோடு இருக்கும். நாள் முழுக்க நிற்கும் அவளுக்கு உட்கார இருக்கை கொடுங்கள். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021இல் சட்டமே இயற்றியது. ஆண்டுக்கு 20 ரூபாயில் விபத்துக் காப்பீடு, 436 ரூபாயில் ஆயுள் காப்பீடு, இரண்டும் தலா 2 லட்சத்துக்கு, மத்திய அரசுத் திட்டங்களாக அவள் வங்கிக் கணக்கிலேயே கிடைக்கின்றன. அந்த 456 ரூபாயை நீங்கள் கட்டுங்கள். பல ஆண்டுகள் தங்கும் உதவியாளர் அப்படித்தான் உருவாகிறார்.

போட்டியும் மாறியிருக்கிறது. 2000இல் சென்னையில் ஒரு கடையாகத் தொடங்கிய நேச்சுரல்ஸ் போன்ற சங்கிலி நிலையங்கள் ஊர் ஊராகப் பரவிவிட்டன. ஆண்டு வருமானம் 20 லட்சத்தைத் தாண்டாத சிறு கடைக்கு ஜிஎஸ்டி இல்லை. பெரிய கடையில் 1,000 ரூபாய் வேலைக்கு 180 ரூபாய் வரி ஏறியதால் நமக்கு ஓர் அனுகூலம் இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அந்த வரி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. இப்போது 50 ரூபாய்தான். ஆகவே விலை மலிவு என்ற ஒன்றையே நம்பி இனி நிற்க முடியாது. சுத்தம், சோதனை, நேரம் தவறாமை, முறையான ரசீது ஆகியவற்றால் நிற்க வேண்டும். இவற்றுக்குப் பெரிய முதலீடு வேண்டியதில்லை.

முடிக்கும் முன் ஒரு யோசனையை இந்த அவை முன் வைக்கிறேன். திருநகர், ஹார்விபட்டி, பசுமலை, தனக்கன்குளம், திருப்பரங்குன்றம் பகுதிகளின் அழகுக் கலைஞர்கள் ஒரு குழுவாகச் சேருங்கள். முகூர்த்த நாளில் ஒருவருக்கு உடல்நிலை சரியில்லை என்றால் இன்னொருவர் போய் அந்த மணப்பெண்ணை அலங்கரிக்க வேண்டும். கட்டணத்தை எப்படிப் பகிர்வது என்பதை இன்றே பேசி எழுதிக்கொள்ளுங்கள். சந்தேகத்துக்குரிய கிரீம் எதுவும் கடைக்கு வந்தால் அன்றே எல்லோருக்கும் தகவல் சொல்லுங்கள். சோதனை வைக்காமல் டை போடுவதில்லை, முன்பணம் இல்லாமல் தேதி எடுப்பதில்லை என்று எல்லோரும் சேர்ந்து சொன்னால், யாரும் வாடிக்கையாளரை இழக்க மாட்டார்கள். தனியாகச் சொல்லும்போது அது கெடுபிடியாகத் தெரியும். ஊரே சொன்னால் அது முறையாகிவிடும்.

மகளிர் குழுக்கள் கட்டிப் பழக்கப்பட்ட மண் இது. 1990இல் மதுரை வட்டாரத்தில் களஞ்சியம் குழுக்கள் தொடங்கியபோது, கிராமத்துப் பெண்கள் சிறு சேமிப்பையும் சிறு கடனையும் தங்கள் கையாலேயே நோட்டில் பதிந்து ஒரு பெரிய இயக்கத்தைக் கட்டினார்கள். அவர்களால் முடிந்தது, படித்த, தொழில் தெரிந்த உங்களால் முடியாதா? இந்தக் கூட்டம் கலைவதற்குள் குழுவின் பெயர்ப் பட்டியலைத் தொடங்குங்கள். முதல் கூட்டத்துக்கு நாள் குறியுங்கள். அடுத்த ஆடிக்கு முன் ஒவ்வொருவரும் ஒரு மாத நிலைச் செலவையாவது சேர்த்திருப்பது என்று முடிவெடுங்கள். கணக்கு எழுதுவதில் எந்த உதவி வேண்டுமென்றாலும் நான் வருகிறேன்.